போகாதவள் எழுதிய பக்கம்

வெளிநாட்டில் படிக்கப் போவதைப் பற்றி யாராவது கேட்டால் என்னால் இப்போதும் நிறுத்தாமல் பேச முடியும். எந்த மாதம் விண்ணப்பிக்க வேண்டும், பேராசிரியரிடம் பரிந்துரைக் கடிதத்தை எப்படிக் கேட்க வேண்டும், தங்கப்போகும் வீட்டாருக்கு முதல் மின்னஞ்சலில் எதை எழுதலாம், எதை எழுதக்கூடாது, குளிர் நாட்டுக்கு என்னென்ன துணி வேண்டும், எல்லாம் தெரியும். ஆனால் நான் போனதெல்லாம் திருவனந்தபுரம் விமான நிலையத்தின் வாசல் வரைதான். அதுவும் வேறொருத்தியைக் கூட்டி வரவும் கொண்டு விடவும். இதை முதலிலேயே சொல்லிவிட்டால் கேட்க வந்தவர்களில் பாதிப் பேர் போய்விடுகிறார்கள். மீதிப் பேருக்குப் பதில் சொல்லிச் சொல்லி எனக்கும் அலுத்துவிட்டது.

அப்போது நாகர்கோவிலில் ஒரு கிறிஸ்தவச் சபைக் கல்லூரியில் பி.ஏ. ஆங்கிலம் இரண்டாம் வருடம் படித்துக்கொண்டிருந்தேன். 2007ஆக இருக்க வேண்டும். வீடு இரணியல் ரயில் நிலையத்துக்குப் பக்கம். அப்பா அரசுப் பேருந்தில் கண்டக்டர். அம்மா வீட்டில். நான் ஒரே பிள்ளை. கல்லூரி அறிவிப்புப் பலகையில் ஒருநாள் ஒரு தாள் ஒட்டியிருந்தது. வடக்கு ஐரோப்பாவில் ஒரு சிறிய நாட்டுக் கல்லூரிக்கும் எங்கள் கல்லூரிக்கும் மாணவர் பரிமாற்றம் என்று புதிதாக ஓர் ஏற்பாடு. இங்கிருந்து ஒருத்தி ஒரு பருவம் அங்கே போவாள், அங்கிருந்து ஒருத்தி இங்கே வருவாள், ஒருத்தி வீட்டில் மற்றவள் தங்குவாள். பொறுப்பு எங்கள் துறையின் மேடம் ஒருவருக்கு. என்ன கேட்டாலும், "எல்லாம் வெப்சைட்ல இருக்கு, வாசிச்சுப் பாத்துட்டு வாங்க" என்பார். அவருக்கும் அது புதிது.

வீட்டில் கணினி கிடையாது. வடசேரி பேருந்து நிலையத்துக்கு எதிரே மாடியில் ஒரு பிரவுசிங் சென்டர் இருந்தது. பிளைவுட் தடுப்புகள், சின்னச் சின்னத் திரைச்சீலைகள், காலுக்குக் கீழே சுருண்டு கிடக்கும் வயர்கள். கல்லூரி விட்டதும் அங்கே போய் உட்காருவேன். அப்பாவின் கடைசி நடை வடசேரிக்கு வந்து சேரும் வரை எனக்கு நேரம். கீழே வந்து நின்று, பையிலிருந்து விசிலை எடுத்து ஒருமுறை ஊதுவார். நான் எழுந்துவிட வேண்டும். சென்டர் நடத்திய அண்ணன், "பாப்பா, உனக்க பஸ் வந்தாச்சு" என்று சொல்லிச் சிரிப்பார்.

அந்த மாடியில் உட்கார்ந்து நான் வாசித்த பக்கங்களுக்குக் கணக்கில்லை. ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு தளம், ஒவ்வொரு உதவித்தொகைக்கும் ஒரு தளம். எதைத் திறந்தாலும் முதலில் ஒரு புல்வெளி வரும். அதில் நாலைந்து நிறத்தில் பிள்ளைகள் மடியில் புத்தகத்தை வைத்துக்கொண்டு ஒரே பக்கமாகப் பார்த்துச் சிரிப்பார்கள். படம் மேலிருந்து கீழே துண்டு துண்டாக வந்து சேர நேரம் பிடிக்கும். முதலில் வானம், பிறகு தலைகள், பிறகு சிரிப்பு. அதற்குக் கீழே போய் வந்தவர்களின் அனுபவங்கள். எல்லாரும் தங்கள் வாழ்க்கை மாறிவிட்டது என்றே எழுதியிருந்தார்கள். 'நீங்கள் தயாரா?' என்று ஒரு வினாத்தாள் இருந்தது. வீட்டாரை விட்டு இருக்க முடியுமா, தெரியாத உணவைச் சாப்பிடுவீர்களா, அவமானம் நேர்ந்தால் என்ன செய்வீர்கள். எல்லாவற்றுக்கும் நான் முழு மதிப்பெண் வாங்கினேன்.

விண்ணப்பத்தோடு ஒரு கட்டுரை கேட்டிருந்தார்கள். உங்கள் வீட்டில் ஒரு சாதாரண சனிக்கிழமை எப்படி இருக்கும் என்று எழுத வேண்டும். அப்பாவிடம் சொன்னேன்.

"சனிக்கிழம எனக்கு டூட்டிதானே மக்ளே. இதுல என்னத்த எழுதுவ?"

"அதத்தான் எழுதணும்ப்பா."

"டூட்டிக்குப் போறத வாசிச்சு வெள்ளைக்காரனுக்கு என்னத்துக்கு?"

அம்மா அடுப்படியிலிருந்து, "மரச்சீனிக் கிழங்கு அவிச்சதையும் சாளை மீன் கறியையும் எழுது. அப்பத்தான் வாற பிள்ளைக்கு இஞ்ச என்ன கிடைக்கும்னு தெரியும்" என்றாள். அதையும் எழுதினேன், அப்பாவின் விசிலையும் எழுதினேன். ஏழு பேர் விண்ணப்பித்ததில் என்னைத் தேர்ந்தெடுத்தார்கள்.

அதற்குப் பிறகு சில மாதங்கள் நான் தரையில் நடக்கவில்லை. அந்தக் கல்லூரியின் தளத்தில் அந்த ஊரின் வரைபடம் இருந்தது. ரொட்டிக்கடை எங்கே, நூலகம் எங்கே, நான் தங்கப்போகும் தெரு எது என்பதெல்லாம் மனப்பாடம். மாணவர்கள் எழுதிக்கொள்ளும் ஒரு மன்றமும் அந்தத் தளத்தில் உண்டு. பிரேசிலில் இருந்து ஒருத்தி, துருக்கியில் இருந்து ஒருவன், வியட்நாமில் இருந்து ஒருத்தி, எல்லாரும் விசாவுக்குக் காத்திருந்தார்கள். இன்னும் வரவில்லை, உனக்கு வந்ததா, இன்னும் வரவில்லை. அதுவே பேச்சு.

விசா நேர்காணலுக்குச் சென்னைக்கு அப்பாவும் நானும் போனோம். அப்பா தேய்த்த சட்டை போட்டிருந்தார். அவரை உள்ளே விடவில்லை. எதிரே நடைபாதையில் ஒரு மரத்தடியில் நின்றுகொண்டார். உள்ளே ஒரு பெண் அதிகாரி மரியாதையாகவே பேசினார். அங்கே என்ன படிப்பாய், திரும்பி வந்து என்ன செய்வாய் என்று கேட்டார். ஆசிரியை ஆவேன் என்றேன். உன் பெயரில் ஏதாவது சொத்து உண்டா, வேலை உண்டா, திருமணம் ஆகிவிட்டதா என்றார். எல்லாவற்றுக்கும் இல்லை என்பதுதான் பதில். இருபது வயதில் வேறென்ன பதில் இருக்கும்? வெளியே வந்தபோது அப்பா கையில் ரோஸ்மில்க் பாட்டிலோடு நின்றார். அதில் குளிர்ச்சியே இல்லை.

"என்ன கேட்டாங்க?"

"சாதாரணமாத்தான் கேட்டாங்க."

"அப்பக் கிடைச்சிரும்" என்றார். ரயிலில் வரும்போது அந்த ஊருக்குக் கடிதம் போட்டால் எத்தனை நாளில் வரும் என்று கேட்டுக்கொண்டே வந்தார்.

பாஸ்போர்ட் கூரியரில் வந்தது. உள்ளே ஒரே ஒரு தாள். படிப்பு முடிந்ததும் விண்ணப்பதாரர் தாய்நாட்டுக்குத் திரும்புவார் என்பதில் எங்களுக்குப் போதிய நம்பிக்கை ஏற்படவில்லை. இதுதான் சாரம். அப்பா விரலை வைத்து ஒவ்வொரு சொல்லாக வாசித்தார். அம்மாவுக்கு நான் தமிழில் சொன்னேன்.

"திரும்பி வரமாட்டாளாமா?" என்றாள் அம்மா. "இவளா? குலசேகரத்துல சித்தி வீட்டுக்குப் போனா மறுநாளே அழுதுட்டு வாறவ. அவியளுக்கு யாரு சொன்னா இவ வரமாட்டான்னு?"

அப்பா தாளை மடித்து உறையிலேயே வைத்துவிட்டுச் சட்டையை மாட்டிக்கொண்டு டூட்டிக்குப் போனார். மறுபடி விண்ணப்பிக்கலாம் என்று போட்டிருந்தது. ஆனால் அதற்குள் அங்கே பருவம் தொடங்கிவிடும். நான் மன்றத்தில் ஒரு வரி எழுதினேன்: எனக்குக் கிடைக்கவில்லை. பிரேசில்காரி அழும் முகம் ஒன்றைப் போட்டாள். அடுத்த நாள் அவள் விமானச் சீட்டைப் பற்றி எழுதியிருந்தாள்.

அந்த வாரமே மேடம் அப்பாவையும் என்னையும் கூப்பிட்டு அனுப்பினார். மேசையில் இருந்த பேனாவை உருட்டிக்கொண்டே பேசினார்.

"இத எப்பிடிச் சொல்லதுன்னு தெரியல. அங்கிருந்து வாற பிள்ளைக்கு விசா கிடைச்சாச்சு. டிக்கெட்டும் எடுத்தாச்சு. அடுத்த வாரம் வருது. உங்க வீட்ல தங்கும்னுதான் எழுதிக் குடுத்திருக்கோம். உங்களுக்குக் கஷ்டம்னா சொல்லுங்க, ஹாஸ்டல்ல போட்டுருவோம்."

அப்பா, "வரட்டும் மேடம். வாறேன்னு கெளம்பின பிள்ளைய வராதேன்னு எப்பிடிச் சொல்லுகது?" என்றார்.

பேருந்து வில்லுக்குறி தாண்டியதும்தான் சொன்னேன். "எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டியளா?"

"உனக்க எடத்த அவ எடுக்கல்ல மக்ளே. அவளுக்க எடத்துக்குத்தான் அவ வாறா."

"அவ வந்து எனக்க கட்டில்லதான படுப்பா?"

அப்பா சீட்டுகளை எண்ணுவதுபோல வெறும் விரல்களை எண்ணிக்கொண்டு வந்தார். அன்று அவருக்கு விடுமுறை. கையில் பை இல்லை.

விருந்தினரை வைத்துக்கொள்ளும் வீட்டாருக்கு என்று தளத்தில் ஒரு பக்கம் இருந்தது. தனியறை, நல்ல வெளிச்சம், உள்ளிருந்து பூட்டிக்கொள்ள வசதி. அப்பா தக்கலையில் இருந்து தாழ்ப்பாள் வாங்கிவந்து என் அறைக் கதவில் தானே அடித்தார். இருபது வயது வரை அந்தக் கதவுக்குத் தாழ்ப்பாள் இருந்ததில்லை. வேண்டும் என்று எனக்குத் தோன்றியதும் இல்லை. அன்று அவர் ஒவ்வொரு ஆணியாக அடிக்கும்போது எனக்குத் தலை வலித்தது. என் துணிகளை அம்மாவின் அலமாரிக்கு மாற்றினேன்.

திருவனந்தபுரத்தில் அவள் வெளியே வந்தபோது நான் நினைத்திருந்த புல்வெளிச் சிரிப்பு எதுவும் அவளிடம் இல்லை. நெடுநெடுவென்று உயரம். இரண்டு விமானங்கள் மாறி வந்ததில் முகம் வீங்கியிருந்தது. முதுகில் அவளைவிடப் பெரிய பை. என் பெயரைச் சொல்லி நீதானா என்று ஆங்கிலத்தில் கேட்டாள். ஆமாம் என்றேன். "உன் விசா விஷயம் சொன்னார்கள். என்னை மன்னித்துக்கொள்" என்றாள். அவள் எதற்கு மன்னிப்புக் கேட்க வேண்டும்? பரவாயில்லை என்றேன். ரயிலில் ஏறியதும் ஜன்னலில் சாய்ந்து வாயைத் திறந்தபடி தூங்கிவிட்டாள். பாறசாலை வரும்போது மழை பிடித்தது. அப்பா எழுந்து அவள் பக்கத்து ஷட்டரை இறக்கிவிட்டார்.

அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது என்பது அம்மாவுக்கு ஒரு குறையாகவே படவில்லை. அவளிடம் தமிழிலேயே பேசினாள். "தின்னு மக்ளே, வெக்கப்படாத. இது நெத்திலி, முள்ள அப்பிடியே கடிச்சிரலாம், கேட்டியா?" அவளும் தலையாட்டிக்கொண்டு தின்பாள். அம்மா என்றே கூப்பிட்டாள். புட்டு பிடிக்கவில்லை, மட்டி வாழைப்பழம் பிடித்தது. ஒரு நாளைக்கு ஒரு சீப்பு போகும். காலையில் இருவரும் ஒன்றாகக் கல்லூரிக்குப் பேருந்து ஏறுவோம்.

எனக்கு அலுப்பு அங்கிருந்துதான் தொடங்கியது. பேருந்தில், கோயிலில், கடையில், கல்லூரி வாசலில், எல்லா இடத்திலும் ஒரே கேள்வி.

"ஏட்டி, இவ வந்தாச்சு. நீ போகலியா?"

முதலில் விளக்கமாகச் சொன்னேன். பிறகு விசா கிடைக்கவில்லை என்று மட்டும் சொன்னேன். பிறகு அடுத்த வருடம் என்றேன். பிறகு சிரித்தேன். கோயிலில் ஞாயிறு ஆராதனையின்போது எங்களுக்குப் பின்வரிசையில் உட்காரும் ஒரு அக்கா வாராவாரம் கேட்டார். மறந்துபோய்த்தான் கேட்டார், கெட்ட எண்ணம் கிடையாது. கெட்ட எண்ணம் இருந்திருந்தால் கோபித்துக்கொண்டாவது இருந்திருக்கலாம். நான் பக்கத்தில் நின்று பேசும்போதே வந்தவளுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகத் தமிழ் புரிய ஆரம்பித்தது. 'போகலியா' என்பது அவள் தானாகக் கற்றுக்கொண்ட முதல் சொற்களில் ஒன்று. ஒருநாள் பேருந்தில் ஒரு பெரியவர் அதைக் கேட்டபோது, நான் வாயைத் திறக்கும் முன்பு அவளே, "போகலை. விசா இல்லை" என்றாள். பெரியவர் திகைத்துவிட்டார். அவளுக்கு முகம் சிவந்துவிட்டது.

அவள் வந்து இரண்டாவது மாதம் அந்தத் தாழ்ப்பாளைப் போட்டுக்கொண்டு அழத் தொடங்கினாள். வெளியே தெரியாது என்று நினைத்தாள். எங்கள் வீட்டில் எல்லாம் வெளியே தெரியும். எனக்கு அது எந்தக் கட்டம் என்று தெரியும். தளத்தில் படம் போட்டு விளக்கியிருந்தார்கள். புது நாட்டுக்குப் போகிறவர் முதலில் மகிழ்ச்சியாக இருப்பார், பிறகு சரிவார், பிறகு மெல்ல மேலே வருவார். நான் போகும்போது எனக்கு உதவும் என்று வாசித்துவைத்தது. சரிவில் இருப்பவரைத் தொந்தரவு செய்ய வேண்டாம், தனியாகவும் விட வேண்டாம் என்று எழுதியிருந்தது. இரண்டையும் சேர்த்து எப்படிச் செய்வது என்று எழுதவில்லை. அம்மா கதவைத் தட்டி, "சாயா ஆறுது" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்துவிடுவாள். கொஞ்ச நேரத்தில் கதவு திறக்கும்.

ஒரு சனிக்கிழமை கிணற்றடியில் துணி துவைத்துக்கொண்டிருந்தோம். கல்லில் அடித்துத் துவைப்பது அவளுக்குப் பிடித்திருந்தது. திடீரென்று சொன்னாள், "உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும். நான் முதலில் எழுதிக் கொடுத்தது தென்னமெரிக்காவுக்கு. அது கிடைக்கவில்லை. இரண்டாவது ஆப்பிரிக்காவில் ஒரு பள்ளிக்கூடம். அதுவும் கிடைக்கவில்லை. உங்கள் ஊர் மூன்றாவது."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நிறுத்த முடியவில்லை. அவள் பயந்துபோய் என்னைப் பார்த்தாள்.

"நீ எத்தனை இடம் எழுதினாய்?" என்றாள்.

"ஒன்றுதான். உங்கள் ஊர் மட்டும். வேறு எழுத எங்களுக்கு இடமே தரவில்லை."

அவளும் சிரித்தாள். அதற்குப் பிறகு இருவரும் மீதித் துணியைத் துவைத்தோம். அன்றிலிருந்து அவளோடு இருப்பது எளிதாயிற்று. அவளும் கேட்டது கிடைக்காமல் வந்தவள்தான்.

ஐப்பசி மழையில் எங்கள் பக்கத்தில் மூட்டுக் காய்ச்சல் பரவியது. வீட்டுக்கு ஒருவர் காலை இழுத்து இழுத்து நடந்தார்கள். அவளுக்கும் வந்தது. கையை மடக்கி ஒரு கரண்டியைப் பிடிக்க முடியவில்லை. ஆஸ்பத்திரியில் காட்டி, மாத்திரை வாங்கிவந்து, அம்மா பக்கத்தில் உட்கார்ந்து கஞ்சியை ஊட்டினாள். நான் கல்லூரிக்குப் போகாமல் இருந்தேன். மூன்றாம் நாள் அவளுடைய அம்மா தொலைபேசியில் கூப்பிட்டார். அவள் தூங்கிக்கொண்டிருந்தாள். நான் எடுத்தேன்.

"நான் அவளுடைய அம்மா. எப்படி இருக்கிறாள்? மறைக்காமல் சொல்."

காய்ச்சல் இறங்கிவிட்டது, வலி இருக்கிறது என்றேன். அதற்குள் என் அம்மா பக்கத்தில் வந்து நின்றுகொண்டாள்.

"யாரு, அவளுக்க அம்மையா? பயப்பட வேண்டாம்னு சொல்லு. கஞ்சி குடிச்சா, பயறும் தின்னா. டாக்டர் நல்லாப் பாத்தாரு. எனக்க பிள்ளைக்கு வந்தா எப்பிடிப் பாப்பேனோ அப்பிடித்தான் பாக்கேன்னு சொல்லு."

நான் அப்படியே ஆங்கிலத்தில் சொன்னேன். அவளுடைய அம்மாவின் குரல் மெதுவாக வந்தது. அவருக்கும் ஆங்கிலம் தாய்மொழி இல்லை. தேடித் தேடிப் பேசினார்.

"நீதானே எங்களிடம் வந்திருக்க வேண்டியவள்? மாடியில் உனக்கு ஒரு அறை ஒழித்து வைத்தேன். ஒரு கோட்டு வாங்கினேன். உன் உயரம் விண்ணப்பத்தில் இருந்தது, அதைப் பார்த்து வாங்கினேன். இன்னும் கதவுக்குப் பின்னால் தொங்குகிறது. உன் அம்மா என் பிள்ளையைப் பார்த்துக்கொள்வதுபோல உன்னைப் பார்த்துக்கொள்ள என்னால் முடியாமல் போய்விட்டது என்று அவரிடம் சொல்."

"என்னடி சொல்லுகா?" என்றாள் அம்மா.

"தேங்க்ஸ் சொல்லுகா."

"இவ்வளவு நேரமும் தேங்க்ஸா சொன்னா?"

போனை வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய்த்தான் அம்மாவிடம் முழுவதையும் சொன்னேன். சொல்லும்போதே அழுதுவிட்டேன். விசா மறுத்த தாள் வந்த அன்றுகூட நான் அழவில்லை. அம்மா கஞ்சிப் பானையை இறக்கி வைத்தாள். முந்தானையால் கையைத் துடைத்தாள். பிறகு கேட்டாள்:

"கோட்டு என்ன கலராம்?"

நான் கேட்கவில்லை. அதற்குப் பிறகும் கேட்கவில்லை.

கிறிஸ்துமஸுக்கு முன்பு அவள் திரும்பிப் போனாள். திரும்பிப் போவாயா என்று அவளிடம் யாரும் கேட்டதில்லை. விமான நிலையத்தில் என்னைக் கட்டிப்பிடித்து, நீ ஒருநாள் வருவாய் என்றாள். அப்பாவிடம் கைகுலுக்கினாள். அப்பா அவளுக்கு ஒரு பை நிறைய ஏத்தன் வாழைக்காய் சிப்ஸ் வாங்கிக் கொடுத்தார். அந்தப் பரிமாற்றம் அடுத்த வருடம் நடக்கவில்லை. போனவர்கள் எண்ணிக்கையும் வந்தவர்கள் எண்ணிக்கையும் சமமாக வேண்டுமாம். முதல் வருடமே கணக்கு இடித்தது. தளத்தில் எங்கள் கல்லூரியின் பெயர் மட்டும் கொஞ்சகாலம் இருந்தது.

படிப்பு முடிந்து, பி.எட். முடித்து, நிரந்தர வேலை கிடைக்கும் வரை நாகர்கோவிலில் வெளிநாட்டுப் படிப்பு ஆலோசனை மையம் ஒன்றில் சேர்ந்தேன். 2011, 12 வாக்கில் அப்படிப்பட்ட மையங்கள் தெருவுக்கு ஒன்று வந்துகொண்டிருந்தன. எனக்கு வேலை சுலபம். வருகிற பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும் கணினியில் தளங்களைத் திறந்து காட்ட வேண்டும். அந்தப் புல்வெளி அப்போதும் இருந்தது. இப்போது ஒரே நொடியில் முழுப்படமும் வந்துவிட்டது, அவ்வளவுதான் வித்தியாசம். முதலாளி ஒன்றே ஒன்றுதான் சொல்லித் தந்தார்: "கிடைக்காதுன்னு மட்டும் வாயில வரப்பிடாது. பாக்கலாம்னு சொல்லணும்." நாள் முழுக்கப் பார்க்கலாம் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தால் அம்மாவிடம் பேசக்கூடத் தெம்பு இருக்காது.

ஒருநாள் கடற்கரை ஊர் ஒன்றிலிருந்து ஒரு தாயும் மகளும் வந்தார்கள். தாய் மீன் வியாபாரம். மகள் நன்றாகப் படிப்பவள். நான் காட்டிய பக்கங்களையெல்லாம் மகள் முன்கூட்டியே வாசித்திருந்தாள். தாய் திரையைப் பார்க்கவே இல்லை, என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எல்லாம் சரி மக்ளே. கிடைக்கல்லன்னா எனக்க பிள்ள என்ன செய்யும்? அது எதுலயாவது எழுதியிருக்கா?"

"பாக்கலாம்மா" என்றேன். நாக்கில் தானாக வந்துவிட்டது.

"நீ பாக்க வேண்டாம். இருக்கா இல்லியான்னு சொல்லு."

இல்லை என்று சொன்னேன். உண்மையிலேயே இல்லை. இத்தனை வருடம் இத்தனை தளங்கள் வாசித்திருக்கிறேன். போவதற்கு முன், போன பின், திரும்பிய பின் என்று எல்லாவற்றுக்கும் பக்கங்கள் உண்டு. போகாதவர்களுக்கு ஒரு பக்கம் எங்கும் கிடையாது. மேல்முறையீடு செய்வது எப்படி என்று இருக்கும். அடுத்த நாள் காலையில் எழுந்து என்ன செய்வது என்று இருக்காது. நான் எனக்கு நடந்ததை அந்தத் தாயிடம் சொன்னேன். மகள் தலையைக் குனிந்துகொண்டாள். தாய் கடைசி வரை கேட்டுவிட்டு, "அப்ப நீ செத்தா போயிட்ட? இருக்கேல்ல?" என்று சொல்லி எழுந்தார். அதில் அவருக்கு ஒரு தைரியம் கிடைத்ததுபோல இருந்தது. முதலாளி உள்ளறையிலிருந்து எல்லாவற்றையும் கேட்டிருந்தார். அந்த மாதத்தோடு நான் நின்றுகொண்டேன். அவரும் இரு என்று சொல்லவில்லை.

தக்கலைப் பக்கம் ஒரு பள்ளியில் வேலை கிடைத்தது. வேலையில் சேர்வதற்கு முன் கொஞ்ச நாள் சும்மா இருந்தபோதுதான் அந்தப் பக்கத்தை எழுதினேன். இலவசமாக எழுத இடம் தரும் தளங்கள் அப்போது நிறைய. தமிழில் எழுதினேன். பரிமாற்றத் திட்டம் என்றால் என்ன, எங்கே தேடலாம், எந்தத் தளம் நம்பத் தகுந்தது, எது பணம் பிடுங்குவது என்பதெல்லாம் முதலில் இருந்தது. கடைசியில் 'கிடைக்கவில்லை என்றால்' என்று ஒரு பகுதி. அதில் பெரிதாக ஒன்றும் இல்லை. மறுத்த காரணத்தை அன்றைக்கே திரும்பத் திரும்ப வாசிக்காதீர்கள், அது உங்களைப் பற்றி எழுதியதல்ல. நீ போகலியா என்று ஊர் கேட்கும், எல்லாருக்கும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை, வீட்டில் ஒருவரைச் சொல்லச் சொல்லுங்கள். மன்றத்தில் மற்றவர்களின் விமானச் சீட்டைக் கொஞ்ச நாள் பார்க்காதீர்கள். உங்கள் கல்லூரிக்கு அங்கிருந்து யாராவது வந்தால், அவரும் களைத்துத்தான் வந்திருப்பார்.

மேலே உள்ள பகுதிகளை யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. கடைசிப் பகுதிக்குத்தான் கடிதங்கள் வந்தன. மார்த்தாண்டம், திருநெல்வேலி, யாழ்ப்பாணம், ஒருமுறை மலேசியா. எல்லாருக்கும் பதில் எழுதினேன். பள்ளி விட்டு வந்து, விடைத்தாள் திருத்தி, பிறகு திருமணமாகி, பிள்ளை பிறந்து, அதைத் தூங்க வைத்துவிட்டு எழுதினேன். என் கணவர், "நீ எங்கயும் போகாம இவ்வளவு பேரு கூடப் பேசுகே, போயிருந்தா என்ன பாடோ" என்பார். ஒரே கேள்விகள், வேறு வேறு பெயர்கள். சில வாரங்கள் திறக்கவே பிடிக்காது. பிறகு யாரோ ஒரு பிள்ளை பதிலுக்காகத் திரையைப் பார்த்துக்கொண்டிருக்கும் என்று நினைத்துத் திறப்பேன்.

எங்கள் வீட்டில் தங்கியவள் இப்போது அவள் ஊரில் ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை செய்கிறாள். இரண்டு பிள்ளைகள். வருடத்துக்கு ஒருமுறை வா என்று எழுதுவாள். ஒருமுறை எல்லாம் கூடி வந்தது, விடுப்பும் கிடைத்தது. அப்போது அப்பாவுக்கு முழங்கால் மூட்டில் அறுவைச் சிகிச்சை. காலமெல்லாம் நின்ற கால். பிறகு அதைப் பற்றி நானும் பேசவில்லை. மறுபடி அந்த நேர்காணல் அறையில் போய் உட்கார வேண்டும் என்று நினைத்தாலே எனக்குச் சோர்வாக இருக்கிறது. இப்போது என் பெயரில் வேலை உண்டு, வீடு உண்டு, புருஷன் உண்டு. கேட்டால் எல்லாவற்றுக்கும் உண்டு என்று சொல்லலாம். போக வேண்டும் என்ற ஆசைதான் அந்தப் பட்டியலில் இப்போது இல்லை.

போன வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கோயில் முடிந்து வந்து மீன் கழுவிக்கொண்டிருந்தபோது போனில் ஒரு செய்தி வந்தது. கொட்டாரம் ஊரில் இருந்து ஒரு பெண்.

"அக்கா, உங்க பக்கத்த வாசிச்சேன். எனக்கும் இல்லன்னு வந்துட்டு. வீட்ல எல்லாரும் சுத்தி இருக்காங்க. இப்ப என்ன செய்யணும்?"

கையைத் துடைத்துக்கொண்டு யோசித்தேன். நீளமாக எழுத எனக்குத் தெரியும். எழுதவில்லை.

"இன்னிக்கு ஒண்ணும் செய்ய வேண்டாம் மக்கா. சோறு தின்னுட்டுப் படு. யாரு கேட்டாலும் தலவலின்னு சொல்லு. நாளைக்கு எழுது."

அவள் மறுநாள் எழுதவில்லை. அதற்கடுத்த வாரம் எழுதினாள். ஆசாரிபள்ளத்தில் ஒரு வேலைக்கு விண்ணப்பம் போடப்போவதாகவும், அதற்கு ஒரு கடிதம் ஆங்கிலத்தில் பார்த்துத் தர முடியுமா என்றும் கேட்டிருந்தாள். அனுப்பச் சொன்னேன். ஆறு பிழைகள் இருந்தன. திருத்தி அனுப்பிவிட்டு அடுப்பைப் பற்றவைத்தேன்.